மூணாந்தேதிக் கட்டத்துல மீன்

வாங்க தம்பி, கயித்துக்கு உள்ளாற வாங்க. எனக்குப் பின்னாடி நில்லுங்க. நான்தான் ஃபர்ஸ்ட்டு. நீங்க ரெண்டாவது. இல்ல, மூணாவது. நடுவுல இந்த நீலப்பை இருக்குதில்லீங்களா, இது எங்கூட்டுக்காரம்மாவோட எடம். இப்ப வந்துருவா. பைய மட்டும் நகத்தீராதீங்க.

தமிழாளுன்னு எப்பிடிக் கண்டுபிடிச்சேன்னு கேக்கறீங்களா? அட்டைப்பெட்டிக்குக் கயிறு போட்டிருக்கீங்களே, அந்தக் கட்டு ஒண்ணு போதாதா? எந்த ஊருங்க? மன்னார்குடியா. சிங்கப்பூர் போயி திருச்சிக்கு மாறுவீங்க. நாங்க சிங்கப்பூர் போயி கோயமுத்தூர். அங்கிருந்து ஈரோடு. என் பேரு சென்னியப்பன்.

இந்த ஏர்போர்ட்ல எங்க கவுண்டரு அஞ்சு மணிக்குத்தான் தொறப்பாங்க. இப்ப மூணே முக்கால். நான் ரெண்டரைக்கே வந்துட்டேன். சிரிக்காதீங்க. முப்பத்தோரு வருஷம் ரயில்வே முன்பதிவுக் கவுண்டர்ல கண்ணாடிக்கு உள்ள உக்காந்திருந்தவன் நான். லைன்ல மொத ஆளா நிக்கறவன் மூஞ்சி எப்பிடி இருக்கும், பதினோராவது ஆளு மூஞ்சி எப்பிடி இருக்கும்னு எனக்குத் தெரியும். பதினோராவது ஆளா நிக்கவே கூடாதுங்க தம்பி. அது மனுஷன் நிக்கற எடமே இல்ல.

நீங்க இங்கதான் வேலையா? லீவுக்கு ஊருக்குப் போறீங்களா? அடடா. நாளைக்கு ஏப்ரல் இருபத்தொம்பது. நாளையில இருந்து மே ஆறு வரைக்கும் இந்த ஜப்பான் நாடே லீவு. கோல்டன் வீக். அந்தச் சீசன்லயா போறீங்க? அம்மா வரச் சொன்னாங்களா? சரி சரி. அம்மா சொன்னா என்ன பண்றது. ஆனா ஒரு ரெண்டு வாரம் தள்ளிப் போட்டிருந்தா விமானத்துல கால நீட்டிக்கிட்டுப் போயிருக்கலாம். யாரும் சொல்லித் தரலையா உங்களுக்கு?

சீசன்னா என்னன்னு எங்கிட்டக் கேளுங்க. தீபாவளி, பொங்கல், தைப்பூசம், சபரிமலை, பள்ளிக்கூட லீவு, முகூர்த்த மாசம். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஊரே நிக்கும். அப்பனுக்கு மேலுக்குச் சொகமில்லைம்பான் ஒருத்தன். தங்கச்சிக்கு வளைகாப்பும்பான் இன்னொருத்தன். நான் கம்ப்யூட்டர் பொட்டிய ஒரு தட்டு தட்டி, வெயிட்டிங் லிஸ்ட் இருநூத்திப் பதினாலு, போடட்டுமான்னு கேப்பேன். பாவந்தான், நான் என்னங்க பண்ண முடியும். கண்ணாடியில ஓட்டை இருக்கற எடத்துல வாய வெச்சுக் கெஞ்சுவாங்க. மூச்சுப்பட்டுக் கண்ணாடியே மங்கிப் போகும்.

அப்ப ஒரு முடிவு எடுத்தேங்க. எங்குடும்பத்துல ஒருத்தரும் சீசன்ல பயணம் போகப்படாது. காசு மிச்சம் புடிக்கறதுக்கு இல்லீங்க, அந்தப் பேரு எனக்கு வேண்டாம். யாரும் நின்னுக்கிட்டுப் போகப்படாது, யாருகிட்டயும் கெஞ்சப்படாது. அவ்வளவுதான். இன்னொரு கொள்கையும் இருக்குது. டிக்கெட்டு கன்ஃபர்ம் ஆகாம யாருகிட்டயும் வாயத் தொறக்கறதில்ல. போறோம்னு சொல்லிட்டுப் போகாம இருக்கறதுக்கு, போயி நின்னுட்டு வந்துட்டோம்னு சொல்றது நல்லதில்லீங்களா?

கலியாணம் ஆன வருஷம் எங்களுக்குத் தலைதீபாவளி ஒட்டன்சத்திரத்துல. மாமியார் ஊடு அங்கதான். பஸ்ஸுல ரெண்டரை மணி நேரம், அதுவும் தீபாவளிக் கூட்டத்துல. புதுப்பொண்ண நிக்க வெச்சுக் கூட்டிட்டுப் போறதான்னு யோசிச்சேன். தீபாவளி முடிஞ்சு ஒம்பதாம் நாள் போனோம். பஸ்ஸுல எங்க ரெண்டு பேரையும் சேத்து ஏழு பேரு. கண்டக்டரே ஜன்னலோரமா எடம் காட்டினாரு. மாமியார் பட்டாச எடுத்து வெச்சிருந்தாங்க, பனி எறங்கி நமுத்துப் போச்சு. அதிரசம் கொஞ்சம் கெட்டி. எண்ணெ தேச்சுக் குளிச்சோம், புதுத்துணி உடுத்தினோம், ஒண்ணும் குறையில்ல. எங்கூட்டுக்காரம்மா ருக்குமணி அன்னைக்கு ஒரு வார்த்தை பேசல. வெக்கப்படறான்னு நெனச்சேன். அந்தக் கதைய இன்னும் சொல்லிக்கிட்டே இருக்கா. இருபத்தொம்பது வருஷமாச்சு.

அப்பறம் எல்லாமே அப்பிடித்தான். பொங்கலுக்கு மாமியார் ஊட்டுக்கு மாட்டுப்பொங்கல் கழிச்சு நாலாம் நாள். பழனிக்குத் தைப்பூசம் முடிஞ்சு மாசி மாசம். சன்னதியில நாங்க மூணு பேருந்தான், முருகன் எங்களையே பாத்துக்கிட்டு இருந்தாரு. மூணாவது ஆளு எம்மக, மோகனப்பிரியா. ஒரே புள்ள. அவள ஊட்டிக்குக் கூட்டிட்டுப் போனது பள்ளிக்கூடம் நடக்கறப்ப. மே மாசம் கூட்டம்னு ஆகஸ்ட்ல போனோம். மழை கொட்டிக்கிட்டு இருந்துச்சு. ரோஜாத் தோட்டத்துல ரோஜா இல்ல, சரி, கூட்டமும் இல்ல. டீச்சரு திட்டினாங்களாம். மறுநாள் மோகனா அழுதுட்டு வந்தா.

அந்த மோகனாதாங்க இப்ப ஒசாகாவுல. நாலு வருஷமாச்சு. ஏதோ மிஷினுக்குப் படம் போடற வேலை. தனியாத்தான் இருக்கா. சின்ன ரூமு, ஆனா சுத்தமா வெச்சிருக்கா.

கொஞ்சம் இருங்க. அந்த நகருற படியில நீலக் கலர் சேலை ஒண்ணு மேல வருது... இல்ல. அது வேற யாரோ.

எதுல உட்டேன்? ஆங், மோகனா. வேலைக்குச் சேந்த மொத வருஷமே போன் பண்ணிக் கேட்டா. அப்பா, இங்க கோல்டன் வீக்குன்னு ஒரு வாரம் ஆபீஸ பூட்டிருவாங்க, ஊருக்கு வரட்டுமான்னு. நான் விசாரிச்சேன். ஜப்பான்ல மூணு சீசன் தம்பி. உங்களுக்கே தெரியும், இருந்தாலும் சொல்றேன். வருஷப் பொறப்பு ஒண்ணு. இந்தக் கோல்டன் வீக் ஒண்ணு. ஆகஸ்ட் நடுவுல ஓபோன் ஒண்ணு. நம்ம ஆடி அமாவாசை மாதிரி, செத்துப் போனவங்க ஊட்டுக்கு வந்துட்டுப் போவாங்களாம். இது போக செப்டம்பர்ல சில வருஷம் மட்டும் ஒண்ணு திடீர்னு மொளைக்கும். ஏன்னா இங்க ஒரு சட்டம் இருக்குது. காலண்டர்ல ரெண்டு செவப்பு நாளுக்கு நடுவுல ஒத்த கறுப்பு நாள் மாட்டிக்கிச்சுன்னா, அந்தக் கறுப்பையும் செவப்பாக்கிப் போடோணும். லீவு உட்டுரோணும். இப்பிடி ஒரு சட்டத்த வெச்சுக்கிட்டு மனுஷன் எப்பிடிங்க பிளான் போடுவான்?

வேண்டாங்கண்ணு, அது சீசன், ரெண்டு வாரம் கழிச்சு வான்னு சொன்னேன். அப்ப லீவு இல்லீங்கப்பான்னா. அப்ப ஓபோனுக்கு வரட்டுமான்னா. அதுவும் சீசன்தான் கண்ணு. வருஷப் பொறப்புக்கு? அய்யோ, அது எல்லாத்துலயும் பெரிய சீசன். இப்பிடி நாலு வருஷம். ஒவ்வொரு தடவையும் என்ன கேட்டுட்டுத்தான் செய்வா, அந்த மாதிரி வளத்திருக்கோம். நாலு வருஷத்துல எம்புள்ள ஒரு தடவை கூட கூட்டத்துல சிக்கினதில்லீங்க. எத்தனை அப்பனுக்கு இது வாய்க்கும்?

ஊருக்கு வந்தாளான்னு கேக்கறீங்களா? அதான் சொன்னேனே, வரல. லீவு சீசன்லதான தராங்க.

சரி, அவ வர முடியல, நாம போவோம்னு நான் ரிட்டயர் ஆனதும் உக்காந்து ஒரு சார்ட்டு போட்டேன். இந்தாங்க, பாருங்க, லாமினேஷன் பண்ணி வெச்சிருக்கேன். செவப்பு மார்க்கெல்லாம் கூட்டம். பச்சை மார்க் காலி. மார்ச் கடைசி, ஏப்ரல் மொத வாரம் பூப்பாக்கற சீசன். ஊரே மரத்தடியில பாய விரிச்சுப் படுத்துக் கெடக்குமாம். அது முடியற வரைக்கும் பொறுத்துக்கிட்டேன். சித்திரை ஒண்ண வீட்டுலயே கும்பிட்டுட்டு மறுநாள் கெளம்பினோம். திரும்பறது இன்னைக்கு, இருபத்தெட்டு. நாளைக்குச் சீசன் ஆரம்பம். ரெண்டு கூட்டத்துக்கும் நடுவுல ஊசி நுழைஞ்ச மாதிரி நுழைஞ்சு வெளிய வரேன். எப்பிடி?

விசா முப்பது நாளைக்குக் குடுத்தாங்க. அதுக்காக முப்பது நாளும் இருக்கோணும்னு சட்டமா?

வரோம்னு டிக்கெட்டு கன்ஃபர்ம் ஆனதும் மோகனாகிட்டச் சொன்னேன். மார்ச் கடைசியில. ரொம்ப சந்தோசம் அவளுக்கு, போன்லயே குதிச்சா. திரும்பற தேதிய மட்டும் சொல்லல. அதுல ஒரு டிக்கெட்டு அப்ப கன்ஃபர்ம் ஆகல.

வந்து எறங்குன அன்னைக்கு ராத்திரி சாப்புடறப்ப இந்தச் சார்ட்ட விரிச்சு வெளக்குனேன். மோகனா பாத்துக்கிட்டே இருந்தா. அப்பறம் செவுத்துல இருந்த காலண்டரப் பாத்தா. இருபத்தெட்டாந்தேதியே போறீங்களாப்பான்னு கேட்டா. ஆமாங்கண்ணு, சீசனுக்கு மொத நாள்னேன். நல்லாப் போட்டிருக்கீங்கப்பான்னு சொல்லிட்டு எந்திரிச்சு பாத்திரம் கழுவப் போயிட்டா. மூணு தட்டுத்தான். ரொம்ப நேரம் தண்ணி ஓடிக்கிட்டே இருந்துச்சு. தண்ணிய இப்பிடி வீணாக்கக் கூடாதுன்னு சொல்லலாம்னு நெனச்சேன், மொத நாளே எதுக்குன்னு உட்டுட்டேன்.

அந்தக் காலண்டரப் பத்தி சொல்லோணும். அடுப்புக்குப் பக்கத்துல மாட்டியிருந்தா. செவப்பு நாள்ல எல்லாம் சின்னதாத் தமிழ்ல எழுதி வெச்சிருந்தா. நாளைத் தேதியில 'சேலை' ன்னு இருந்துச்சு. மே மூணாந்தேதிக் கட்டத்துல 'மீன்' ன்னு இருந்துச்சு. அந்தக் கட்டத்தச் சுத்தி ஒரு வட்டம். மீன் வாங்கறதுக்குக் கூட அரை மாசம் முன்னாடியே தேதி குறிச்சு வெச்சிருக்காளே, ரத்தம் பேசுதுன்னு எனக்கு நெஞ்சு விரிஞ்சு போச்சுங்க. ருக்குமணியக் கூப்பிட்டுக் காட்டினேன். பாரு, எம்மகன்னு.

பதிமூணு நாளும் ஊரு சுத்தினோம். ஒரு எடத்துல கூட லைன் கெடையாது. பூ மரத்தயும் பாத்தோம். பூ இல்ல, பச்சையா எலையாத்தான் இருந்துச்சு. ஆனா மரத்த அடியில இருந்து நுனி வரைக்கும் முழுசாப் பாத்தோம். யாரு மறைக்கறாங்க? கோயிலு, கோட்டை, மான் இருக்கற பூங்கா எல்லாம் அப்பிடித்தான். மான் ஒண்ணு எம்பின்னாடியே வந்துச்சு, அதுக்கும் பேச ஆளில்ல.

மோகனாவா? அவளுக்கு ஆபீசு. காலையில ஏழு மணிக்குப் போனா ராத்திரி ஒம்பது மணிக்கு வருவா. வரப்ப நான் தூங்கியிருப்பேன். மறுநாள் மொத ரயிலுக்குப் போகோணுமில்ல, அதுலதான கூட்டம் இருக்காது. ஒரே ஒரு ஞாயித்துக்கெழமைதான் அவளுக்கு லீவு கெடச்சுது. அன்னைக்கு வெளிய போனாக் கூட்டம்னு ஊட்டுலயே இருக்கச் சொல்லிட்டு நான் மட்டும் போயி ரயில் மியூசியம் பாத்துட்டு வந்தேன். அங்கதான் கொஞ்சம் கூட்டம்.

கடைசி அஞ்சு நாள் ருக்குமணி வரமாட்டேன்னுட்டா. முட்டி வலின்னா. நான் தனியாத்தான் சுத்தினேன். ஆயியும் மகளும் ராத்திரி உக்காந்து பேசிக்கிட்டே இருப்பாங்க போல. ஒரு நா ராத்திரி தண்ணி குடிக்க எந்திரிச்சேன், ரெண்டு பேரும் அந்தக் காலண்டருக்குக் கீழ தரையில உக்காந்திருந்தாங்க. என்னப் பாத்ததும் பேச்ச நிறுத்திட்டாங்க. சம்பந்தம் எதோ பேசறாங்கன்னு நெனச்சுக்கிட்டேன்.

மணி நாலேகால். இன்னும் காணோம். ரயிலு இருபது நிமிஷத்துக்கு ஒண்ணு இருக்குது. அடுத்ததுல வருவா.

ஏன் ஒண்ணா வரலன்னு கேக்கறீங்க. நியாயந்தான். சொல்லாம இருந்தா நீங்க வேற மாதிரி நெனப்பீங்க.

இன்னைக்கு மத்தியானம் நடந்துச்சு. மோகனா காலையிலயே ஆபீஸ் போயிட்டா. போறப்ப எங்காலத் தொட்டுக் கும்பிட்டுட்டுப் போனா. போயிட்டு போன் பண்ணுங்கப்பான்னா. அவ்வளவுதான் சொன்னா. ஒரு மணிக்கு நான் எல்லாப் பையையும் வாசல்ல எடுத்து வெச்சு, லிஸ்ட்டு பாத்து டிக் போட்டு, செருப்ப மாட்டிக்கிட்டு நிக்கறேன். இங்க வாசல்லயே ஒரு படி இருக்குமில்லீங்களா, செருப்பு கழட்டற எடத்துல. அந்தப் படியில ருக்குமணி உக்காந்துட்டா. செருப்பத் தொடல.

"நான் வரலீங்க," ன்னா.

எதையாச்சும் மறந்துட்டயான்னு கேட்டேன்.

"இல்லீங்க. நான் இங்க இருந்துட்டு வரேன். விசா இருக்குது. அவளுக்கு நாளையில இருந்து லீவு."

அவளுக்கு லீவுன்னா ஊருக்கே லீவு, எங்க போனாலும் கூட்டமாத்தான் இருக்கும், ஆறாந்தேதிக்கு மேல திரும்பி வரவங்க கூட்டம் வேற இருக்கும்னு வெளக்குனேன். சார்ட்ட எடுத்துக் காட்டினேன். அவ சார்ட்டப் பாக்கல.

"கூட்டத்துலயே வரேனுங்க," ன்னா. "அந்தக் காலண்டர்ல மீனுன்னு போட்டிருக்காளே, அது தின்ற மீனில்லீங்க."

தின்ற மீனில்லையாம். மே அஞ்சாந்தேதி இங்க கொழந்தைகளுக்கான நாளாம். உங்களுக்குத் தெரியுமே. அதுக்குப் பல நாள் முன்னாடி இருந்தே ஊடு ஊட்டுக்குத் துணியில மீன் செஞ்சு கம்பத்துல கட்டித் தொங்க உடுவாங்களாம். மேல கறுப்பு மீனு அப்பன், அதுக்குக் கீழ செவப்பு மீனு ஆயி, அதுக்குக் கீழ சின்னதாப் புள்ளைங்க. ஏதோ ஒரு மலையூருல ஆத்துக்கு இந்தக் கரையில இருந்து அந்தக் கரைக்குக் கயிறு கட்டி நூத்துக்கணக்குல உட்டிருப்பாங்களாம். ஆபீஸ்ல கூட இருக்கறவங்க எல்லாம் இந்த வாரத்துல சொந்த ஊருக்குப் போயிருவாங்களாம். கடை கண்ணி, தெருவெல்லாம் குடும்பம் குடும்பமாப் போகுமாம். எம்மக நாலு வருஷமா அந்த ஒரு வாரமும் ரூமுல கதவச் சாத்திட்டு உக்காந்திருந்திருக்கா. போன வருஷம் தனியா அந்த மலையூருக்குப் போயிருக்கா. மீனப் பாத்துட்டு, அங்க நிக்க முடியாம அடுத்த ரயிலுக்கே திரும்பிட்டாளாம்.

எங்கிட்டச் சொல்லியிருக்கலாமில்லன்னு கேட்டேன். ருக்குமணி என்னையே பாத்தா.

"வருஷத்துக்கு மூணு தடவை கேட்டாளேங்க. நாலு வருஷம். இந்த நாட்டுல செத்தவங்களே சீசன்லதான் ஊட்டுக்கு வராங்களாம். உசுரோட இருக்கற புள்ளைய நீங்க வர உடல."

தம்பி, இருபத்தொம்பது வருஷத்துல எங்கிட்ட அவ கொரல ஒசத்தினதில்ல. இன்னைக்கும் ஒசத்தல. மெதுவாத்தான் சொன்னா. மெதுவாச் சொன்னதுதான்...

சரி அத உடுங்க.

எனக்குக் கோவம் வந்துச்சு. கன்ஃபர்ம் டிக்கெட்ட வேண்டாம்னு சொன்ன மொதப் பயணி அவதான், எஞ்சர்வீஸ்லயே. நான் பேசாம ரெண்டு பையையும் தூக்கிட்டேன். அவ பையையும்தான். மாத்துத்துணி இல்லாம எத்தனை நாள் இருப்பா, பின்னாடியே வந்துருவான்னு ஒரு கணக்கு. கதவு வரைக்கும் வந்தா. வந்து என் சட்டைப் பையில ஒண்ண வெச்சா. "இது உங்களோடது. வேண்டாம்னாக் கேன்சல் பண்ணிக்குங்க. கேன்சல் ரூலு உங்களுக்குத் தெரியாததா," ன்னா. கதவச் சாத்திக்கிட்டா.

ஏர்போர்ட் ரயில்ல எனக்குப் பக்கத்துச் சீட்டுல இந்த நீலப்பைதான் உக்காந்து வந்துச்சு. ரெண்டு சீட்டு ரிசர்வ் பண்ணியிருந்தேன். வழியில ஒரு அம்மா கைக்கொழந்தையோட ஏறி நின்னாங்க. பைய எடுத்து மடியில வெச்சுக்கிட்டு உக்காருங்கன்னேன். அந்த அம்மா ஆறு தடவை குனிஞ்சு கும்புட்டாங்க. எனக்குத்தான் ஒரு மாதிரி ஆயிப்போச்சு. உக்கார எடம் குடுத்ததுக்கு என்ன யாரும் கும்புட்டதே இல்லீங்க. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் அதெல்லாம் தெரியாது.

சட்டைப் பையில வெச்சது இதுதான். ரயில் டிக்கெட்டு. ஜப்பான் எழுத்துதான், ஆனா டிக்கெட்டு எந்தப் பாஷையில இருந்தாலும் நான் படிச்சுருவேன். இது மாசம், அஞ்சு. இது தேதி, மூணு. காலண்டர்ல மீனுன்னு வட்டம் போட்டிருந்த அதே நாள். காலைல எட்டு பத்துக்கு ரயிலு. பதினோராவது பெட்டி. சீட்டு எட்டு, பி. இந்த ரயில்ல பி எங்க வரும்னு மட்டும் எனக்குத் தெரியல. நீங்க போயிருப்பீங்களே.

நடுவுலயா? ஏ ஜன்னலு, சி வழியோரம், பி நடுவுல. சரியாப் போச்சு. நடுச்சீட்ட யாரும் கேட்டு வாங்க மாட்டாங்க தம்பி. வேற வழியில்லாதவங்களுக்குத்தான் போட்டுக் குடுப்போம். எனக்கு நடுச்சீட்டப் போட்டிருக்கா. ஒரு பக்கம் ஆயி, ஒரு பக்கம் மக.

இருங்க. கண்ணாடியப் போட்டுக்கறேன். கீழ பொடி எழுத்துல ஒரு தேதி இருக்குது பாருங்க. இது டிக்கெட்டு எடுத்த தேதி. எல்லா டிக்கெட்டுலயும் இருக்கும், யாரும் பாக்க மாட்டாங்க. நான் அதத்தான் மொதல்ல பாப்பேன். ரயில்லயே பாத்திருக்கோணும், கோவத்துல பாக்கல. நாலாவது மாசம், மூணாந்தேதி.

ஏப்ரல் மூணு.

இங்க ஒரு மாசத்துக்கு முன்னாடி, அதே தேதி காலைல பத்து மணிக்குத்தான் டிக்கெட்டத் தொறப்பாங்க. நான் படிச்சு வெச்சிருக்கேன். அப்பத் தொறந்த அன்னைக்கே எடுத்திருக்கா. சீசன்ல, மூணு சீட்டு, சேந்தாப்புல. அதெல்லாம் போற போக்குல கெடைக்காதுங்க. எனக்குத் தெரியும். ஆபீசுக்குப் பாதி நாள் லீவு போட்டுட்டு, பத்து மணிக்கு முன்னாடியே போயி, கவுண்டர்ல மொத ஆளா நின்னிருந்தாத்தான் கெடைக்கும்.

மொத ஆளா நின்னிருக்கா, எம்மக.

எனக்குன்னு இது வரைக்கும் யாரும் லைன்ல நின்னு டிக்கெட்டு எடுத்ததில்ல தம்பி. நான்தான் எல்லாருக்கும் போட்டுக் குடுத்தேன். நின்னு எடுத்துட்டு, நான் வந்து எறங்குன அன்னைக்கு ராத்திரி, நல்லாப் போட்டிருக்கீங்கப்பான்னு எஞ்சார்ட்டப் பாத்துச் சொன்னா. அப்பறந்தான் அந்தத் தண்ணி ஓடுச்சு.

ஒண்ணுமில்லீங்க. ஏசி கண்ணுல அடிக்குது.

என்ன, வெளக்குப் போடறாங்க? அஞ்சு ஆகலையே. ஓ, நேரத்துலயே தொறக்கறாங்களா. கூட்டத்தப் பாத்துட்டுத் தொறக்கறாங்க போல. அந்தப் பொண்ணு கைய நீட்டி என்னத்தான் கூப்பிடுது. நான்தான ஃபர்ஸ்ட்டு.

இல்லீங்க தம்பி. நீங்க போங்க. அட, போங்கங்கறேன். பைய நகத்தலாம், இப்ப நகத்தலாம். நானே எடுத்துக்கறேன்.

போயி அந்தப் பொண்ணுகிட்ட அவங்க பாஷையில ஒண்ணு சொல்லிப்போடுங்க. சென்னியப்பன், ருக்குமணி, ரெண்டு பேரும் இன்னைக்கு வரலன்னு. வேற நாளைக்கு மாத்தறதுக்கு என்ன வழின்னு மோகனாவ உட்டுக் கேக்கச் சொல்றேன். எங்க சீட்டு பதினாலு ஏ, பதினாலு பி. இன்னைக்கு வெயிட்டிங் லிஸ்ட்ல யாராச்சும் நின்னாங்கன்னா குடுத்துரச் சொல்லுங்க. அம்மாவப் பாக்கப் போறவங்களா இருந்தா மொதல்ல குடுக்கச் சொல்லுங்க. யாரும் இல்லைன்னா நீங்க போயி உக்காந்துக்குங்க, கால நீட்டிக்கலாம்.

மனசு மாறிப்போச்சான்னு கேக்காதீங்க. அதெல்லாம் இல்ல. கணக்கு அப்பிடி வருது. இன்னைக்கு நாடே ஏர்போர்ட்டுக்கு வருது. ஏர்போர்ட்ல இருந்து ஊருக்குள்ள போற ரயிலு காத்தாடும். இத விட்டா இந்தச் சீசன்ல இப்பிடி உக்காந்துக்கிட்டுப் போக முடியாது. அதோட அவ துணிமணி பூராம் எங்கிட்ட இருக்குது, நாளைக்குக் கட்டறதுக்கு என்ன பண்ணுவா? நாளைக்கு இங்க இருக்கற நம்ம நாட்டுக் கடையில சேலை வாங்கப் போறாங்களாம். வாங்கறதுக்குப் போறதுக்கும் ஒண்ணு கட்டிக்கிட்டுத்தான போகோணும்.

போன் பண்ணிச் சொல்லீருங்கன்னு சொல்றீங்களா? வேண்டாங்க. கன்ஃபர்ம் ஆகாம நான் யாருகிட்டயும் வாயத் தொறக்கறதில்ல. கதவத் தட்டிட்டுச் சொல்லிக்கறேன்.